லேசான காற்றில் தண்ணீரில் விழுந்த கைட் எழ மறுக்கிறது – என்ன செய்வது?

அலைவாசி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், கொஞ்சம் விரிவாகவே கேட்கிறேன்.

கைட் சர்ஃபிங் (பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் ஓடும் விளையாட்டு) பற்றியது. என்னுடையது 12 சதுர மீட்டர், மூன்று ஸ்ட்ரட் (குறுக்கே ஓடும் காற்றூதிய குழாய்) கைட். 24 மீட்டர் கயிறு, சாதாரண ட்வின் டிப் (இரு பக்கமும் ஓட்டக்கூடிய) பலகை. என் எடை 72 கிலோ. காற்று 15 நாட்ஸுக்கு (மணிக்கு இத்தனை கடல் மைல்) மேல் இருந்தால் கைட் தண்ணீரில் விழுவதைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை. ஒரு பின்கயிற்றை (கைட்டின் பின்பக்க நுனிக்குப் போகும் கயிறு) இழுத்தால் போதும், விண்டோவின் (கைட் பறக்கக்கூடிய பரப்பு) ஓரத்துக்குப் போய் எழுந்துவிடுகிறது. காற்று 9, 10 நாட்ஸுக்கு இறங்கிவிட்டால் கதையே வேறு. எனக்கு நேர் எதிரே, லீடிங் எட்ஜ் (காற்றூதிய முன்விளிம்புக் குழாய்) தண்ணீரில் படிய, முகம் குப்புற உட்கார்ந்துகொள்கிறது. பின்கயிற்றை இழுத்தால் லேசாகத் திரும்பும், கொஞ்சம் நகரும், அப்புறம் பழைய இடத்துக்கே வந்து படுத்துவிடும். பக்கம் மாற்றி இழுத்தாலும் அதேதான்.

எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்க வேண்டும்? ட்ரிம் (முன்கயிறுகளின் நீளத்தை மாற்றிக் கைட்டின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) எங்கே இருக்க வேண்டும்? இரண்டு பின்கயிறுகளையும் சேர்த்து இழுக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அது சரிதானா?

தென்றல்தேடி

ஒரு பக்கப் பின்கயிற்றை இழுத்து, விடாமல் வைத்திருங்கள். பக்கம் மாற்றாதீர்கள். லேசான காற்றில் ஒரு நிமிடம்கூட ஆகலாம். பலரும் பத்து நொடியில் பொறுமை இழந்து விட்டுவிடுகிறார்கள், கைட்டும் நடுவுக்குத் திரும்பிவிடுகிறது.

கரைவலை

தென்றல்தேடி சொன்னது சரி. ஆனால் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று புரிந்தால்தான் கை பொறுமையாக இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காற்று. நீங்கள் சொல்லும் 10 நாட்ஸ், கரையில் தலைக்கு மேல் பிடித்த மீட்டரில் பார்த்ததாக இருக்கும். கைட் பறக்கிற இருபது மீட்டர் உயரத்தில் காற்று அதைவிடக் கூடுதல். தண்ணீரை ஒட்டிய முதல் ஒரு மீட்டரில் உராய்வால் அதைவிடக் குறைவு. விழுந்த கைட் கிடப்பது அந்த மந்தமான காற்றில்தான். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 நாட்ஸில் கிடைப்பது 144 என்றால் 8 நாட்ஸில் கிடைப்பது 64, பாதிகூட இல்லை. கைட்டின் எடையும் துணிமேல் நிற்கிற தண்ணீரும் மட்டும் குறையவே குறையாது. மேலே நன்றாகப் பறந்துகொண்டிருந்த கைட் கீழே விழுந்ததும் அசையாமல் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கயிற்றின் இறுக்கம். லேசான காற்றில் எல்லாமே இதைப் பொறுத்துத்தான். கைட் உங்களை இழுக்க இழுக்க நீங்களும் அதன் பின்னாலேயே மிதந்து போனால், கைட்டுக்குக் கிடைக்கும் காற்று இன்னும் குறைகிறது. ஆகவே நீங்கள் தண்ணீரில் ஒரு நங்கூரமாக இருக்க வேண்டும். பலகையைக் கழற்றிவிட்டு மிதக்காதீர்கள். காலில் மாட்டி, பலகையின் அடிப்பக்கம் கைட்டைப் பார்க்கிற மாதிரி குறுக்கே வைத்து உட்காருங்கள். அந்தப் பலகை தண்ணீரைத் தடுக்கிற தடுப்பே கயிற்றை முறுக்காக வைத்திருக்கும். பலகை கையை விட்டுப் போயிருந்தால் மல்லாந்து படுத்து, கைட்டுக்கு எதிர்த்திசையில் காலால் உதைத்து நீந்துங்கள்.

இப்போது இழுப்பது. பாரின் (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கம்பி) ஓரத்தைப் பிடித்துச் சாய்த்தால் லேசான காற்றில் போதாது. பாரின் நுனியில் உள்ள மிதவைக்கு மேலே கையை நீட்டி, பின்கயிற்றின் தடித்த பகுதியை அரை மீட்டர், வேண்டுமானால் ஒரு மீட்டர்கூட உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். மெல்லிய கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. திடீரென்று ஒரு காற்று வந்தால் விரலைப் பதம் பார்த்துவிடும்.

எந்தப் பக்கம் என்பதிலும் கவனம் வேண்டும். கைட் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அந்தப் பக்கமே போக விடுங்கள். மூக்கு கீழே பார்த்துக் கிடக்கும்போது கயிறுகள் குறுக்காகப் போயிருக்கும். இடக்கைப் பின்கயிறு உங்கள் வலப்பக்கம் கிடக்கும் நுனிக்குப் போகும். இடக்கயிற்றை இழுத்தால் கைட் வலது ஓரத்துக்கு நகரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இதில் குழம்பிப்போய்க் கையை மாற்றிவிடுகிறார்கள். இழுக்கும் முன் கயிற்றைக் கண்ணால் நுனி வரை தொடர்ந்து பாருங்கள்.

அப்புறம் நடப்பதை உற்றுக் கவனியுங்கள். நீங்கள் இழுக்கிற நுனி மெல்ல உயரும். மறுநுனி தண்ணீரில் ஊன்றி நிற்கும். துணி தண்ணீரைவிட்டுப் பிரியும்போது ஈரத்துணியை உரிப்பது போல ஒரு சத்தம் வரும். மேல் நுனியின் மடிப்பில் தேங்கிய தண்ணீர் லீடிங் எட்ஜ் வழியே ஓடி இறங்கும். அது வடியும்வரை அவசரப்படாதீர்கள், அந்தத் தண்ணீரின் எடையோடு கைட் எழாது. வடிந்ததும் பின்விளிம்பு படபடக்கத் தொடங்கும். இதற்குள் கைட் விண்டோவின் ஓரத்துக்கு வந்துவிட்டிருக்கும். இப்போதுதான் இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். சட்டென்று விட்டால் திரும்ப விழும், விடாமல் பிடித்திருந்தால் சுழன்று நடுவுக்கு வந்து உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

ட்ரிம் முழுப் பவரில் இருக்கட்டும். அப்போதுதான் பின்கயிறு எட்டும்.

வெள்ளலை

அருமையான விளக்கம் அண்ணா. ஒன்று சேர்க்கிறேன். லேசான காற்று ஒரே சீராக வராது, விட்டுவிட்டு வரும். தோளுக்குப் பின்னால் திரும்பி, காற்று வரும் பக்கம் தண்ணீரைப் பாருங்கள். கருத்த திட்டு ஒன்று நகர்ந்து வருவது தெரியும், அதுதான் அடுத்த காற்று. கைட்டை ஓரத்துக்குக் கொண்டுவரும் வேலையை அமைதியான நேரத்தில் செய்துவையுங்கள். எழுப்பும் வேலையை அந்தத் திட்டு கைட்டைத் தொடும்போது செய்யுங்கள். அமைதியான நேரத்தில் இழுத்து இழுத்துக் களைத்துப்போனவருக்கு, காற்று வரும்போது கையில் தெம்பு இருக்காது.

பாய்மரம்

கரைவலை அண்ணா எழுதியதில் ட்ரிம் பற்றிய ஒரு வரியை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

ஓரத்துக்குப் போகும்வரை முழுப் பவர், சரி. ஆனால் கைட் தண்ணீரைவிட்டுக் கிளம்பியதும் அதே ட்ரிமில் விட்டால், லேசான காற்றில் அது பின்னோக்கிச் சரிந்து விழும். அலைவாசி சொல்கிற அறிகுறியில் பாதி இதுவாக இருக்கலாம். கிளம்பியதும் பாரை வெளியே தள்ளுங்கள், ட்ரிமையும் ஒரு பத்து சென்டிமீட்டர் உள்ளே இழுத்துவிடுங்கள். கைட் முன்னோக்கிப் பறக்கத் தொடங்கி வேகம் பிடித்த பிறகுதான் பார் உள்ளே வர வேண்டும். பயத்தில் எல்லாரும் பாரை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் ஒன்று மாறினாலே பலருக்குக் கைட் எழுந்துவிடும்.

இன்னொன்று, கயிறுகளை அளந்து பார்த்து எவ்வளவு நாளாகிறது? முன்கயிறுகள்தான் அதிக எடை தாங்குகின்றன, அவை காலப்போக்கில் நீளும். பின்கயிறு அந்த அளவுக்கு நீளாது. நாளடைவில் பின்கயிறு மட்டும் குட்டையாகிவிட்ட மாதிரி ஆகிவிடும், கைட் எப்போதும் இழுத்துப் பிடித்த நிலையிலேயே பறக்கும். பலத்த காற்றில் இது தெரியவே தெரியாது. 9 நாட்ஸில் உடனே தெரிந்துவிடும். நான்கையும் ஒரு கம்பத்தில் மாட்டி, பாரை முழுதாக உள்ளே வைத்து இழுத்துப் பாருங்கள். நான்கும் சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பின்கயிற்றின் இணைப்பு முடிச்சை ஒன்று தள்ளி மாட்டி நீளத்தைக் கூட்டுங்கள்.

கரைவலை

அம்மா பாய்மரம், நீங்கள் சொன்னது சரி. கிளம்பிய பிறகு ட்ரிமை உள்ளே இழுப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தண்ணீரில் கிடக்கும்போதே ட்ரிமை இழுத்து வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், அவர்களுக்காகத்தான் அப்படி எழுதினேன். இரண்டு கட்டங்கள், இரண்டு ட்ரிம். கயிற்றை அளப்பது பற்றி யாருமே பேசுவதில்லை, எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

அலைவாசி

கயிற்றை வாங்கியதிலிருந்து அளந்ததே இல்லை. இன்றே பார்க்கிறேன்.

இரண்டு பின்கயிறுகளையும் சேர்த்து இழுப்பது பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பாய்மரம்

அதுதான் ரிவர்ஸ் லாஞ்ச். லேசான காற்றில் எனக்கு முதல் தேர்வே அதுதான்.

கைட் நடுவில் குப்புறக் கிடக்கிறது, ஓரத்துக்கு நகர மாட்டேன் என்கிறது. அப்போது இரண்டு பின்கயிறுகளையும் மிதவைக்கு மேலே பிடித்து, சம அளவில், நிதானமாக இழுங்கள். கைட் பின்விளிம்பு முன்னே போக, முதுகுப்புறமாகத் தண்ணீரைவிட்டு எழும். சில மீட்டர் உயரம் வந்ததும் ஒரு கையை விட்டு மறுகையை வைத்திருங்கள். அது சுழன்று மூக்கை மேலே திருப்பிக்கொள்ளும். உடனே பாரை வெளியே விட்டு மேலே ஓட்டுங்கள்.

கைகள் சமமாக இழுக்கவில்லை என்றால் பாதி உயரத்தில் ஒரு பக்கம் திரும்பி விழும். சீக்கிரம் விட்டுவிட்டாலும் சுழல இடம் இருக்காது, தண்ணீரில் அடிக்கும். எச்சரிக்கை ஒன்று: இதில் கைட் திரும்புவது விண்டோவின் நடுவில். 9 நாட்ஸில் அதனால் லேசாக ஒரு இழுப்பு வரும், அவ்வளவுதான். 20 நாட்ஸில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

டெல்டா, போ எனப்படும் தட்டையான வடிவக் கைட்டுகளில் இது நன்றாக வரும். C எழுத்துபோல ஆழமாக வளைந்த பழைய சி வடிவக் கைட்டில் எதிர்பார்க்காதீர்கள்.

சுக்கான்

சி கைட்டில் முறையே வேறு. கைட்டை நோக்கி வேகமாக நாலைந்து கை நீந்த வேண்டும். கயிறு தளர்ந்ததும் கைட் முதுகுப்பக்கம் உருண்டு படுக்கும். அப்புறம் ஒரு பின்கயிறு. ஐந்தாம் கயிறு (லீடிங் எட்ஜின் நடுவுக்குப் போகும் கூடுதல் கயிறு) இருந்தால் அதை இழுத்தாலும் அப்படி உருளும். இந்த நீந்தும் உத்தி, நடுவில் ஒட்டிக்கொண்ட போ கைட்டுக்கும் சில நேரம் உதவும். ஆனால் நீந்தும்போது தளர்ந்த கயிறு காலுக்கடியில் தொங்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகென்யூ சகோதரர்கள் 1984-இல் காற்றூதிய கைட்டுக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது தண்ணீரிலிருந்து மறுபடி எழக்கூடிய கைட் வேண்டும் என்பதற்காகத்தான். நாம் இப்போது பேசுகிற விஷயத்துக்காகவே பிறந்த வடிவம் அது.

ஈரமணல்

காற்றடிப்பது பற்றி யாரும் பேசவில்லையே. லீடிங் எட்ஜ் தொளதொளவென்று இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. பின்கயிற்றை இழுக்கும்போது நுனி நிமிர்ந்து எழ வேண்டும், அதற்குப் பதில் கைட் நடுவில் மடங்கும்.

12 மீட்டர் கைட்டுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). கைட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதைப் பின்பற்றுங்கள். ஆனால் சுடுமணலில் வைத்து அடித்த காற்று குளிர்ந்த தண்ணீரில் சுருங்கும். உள்ளே இருக்கும் காற்று 40 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கினால், 7 பிஎஸ்ஐ ஏறக்குறைய 6 ஆகிவிடும். கரையில் டிங்கென்று இருந்த குழாய் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தபின் மெத்தென்று ஆவது இதனால்தான். லேசான காற்று நாளில் அச்சிட்ட வரம்பின் மேல் எல்லைக்கே அடித்துவையுங்கள். ஸ்ட்ரட்டுகளுக்குக் காற்று போகும் குழாய்களின் கிளிப்புகளையும் மூடிவிடுங்கள்.

நீரோட்டம்

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். காற்று 9 நாட்ஸ், நீரோட்டம் அதே திசையில் 2 நாட்ஸ் என்றால், தண்ணீரோடு நகரும் உங்களுக்கும் கைட்டுக்கும் கிடைப்பது 7 தான். நீரோட்டம் எதிரே வந்தால் 11. இரண்டின் வர்க்கத்தையும் ஒப்பிட்டால் 49-க்கு 121, இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கடல் ஏற்ற இறக்கம் உள்ள இடங்களில் ஓட்டுகிறவர்கள், நீரோட்டம் எப்போது திரும்பும் என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. காலையில் சுலபமாக எழுந்த கைட், மதியம் அதே காற்றில் எழாமல் போகும்.

அலை இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். அலைமுகடு கைட்டுக்கு அடியில் புகுந்து நுனியைத் தூக்கும் நொடியில் இழுங்கள். உடைகிற அலைக்குள் கைட் மாட்டிக்கொண்டால் மட்டும் விறைப்பாக நின்று போராடாதீர்கள். அலை இழுக்கிற பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நீந்திப் போங்கள், இல்லையென்றால் துணி கிழியும்.

உயரம்

ஹைட்ரோஃபாயில் (பலகையைத் தண்ணீருக்கு மேல் தூக்கும் அடிச்சிறகு) ஓட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தச் சிக்கல் எங்களுக்குத்தான் அதிகம். ஃபாயிலில் 8 நாட்ஸில் சுகமாகப் போகலாம், ஏனென்றால் ஓடும் வேகமே கைட்டுக்குக் காற்றை உண்டாக்கிக் கொடுக்கிறது. விழுந்த நொடியில் அந்தக் காற்று இல்லாமல் போகிறது. மிச்சம் இருப்பது வெறும் 8, அதுவும் தண்ணீர்மட்டத்தில் அதைவிடக் குறைவு. ஓட்ட முடிகிற காற்றும் எழுப்ப முடிகிற காற்றும் ஒன்றல்ல என்பது ஃபாயிலுக்கு மாறிய முதல் மாதத்திலேயே மனதில் பதிய வேண்டும்.

அதனால் நான் கைட்டைக் கீழே விழவிடாமல் இருப்பதில்தான் கவனம் வைக்கிறேன். தலைக்கு நேர் மேலே நிறுத்தி வைப்பதில்லை. காற்று சட்டென்று நின்றால் அங்கிருந்துதான் கைட் முன்னே தாவி மேலிருந்து உதிர்கிறது. 45 டிகிரியில் வைத்து அசைத்துக்கொண்டே இருக்கிறேன். கயிறு தொய்யும் முதல் அறிகுறி தெரிந்ததும் கைட்டுக்கு எதிர்ப்பக்கம் நீந்தி, முன்கயிறுகளைக் கையால் இழுத்து இறுக்கத்தை மீட்கிறேன். பல தடவை கைட் தண்ணீரைத் தொடாமலே தப்பிவிடும்.

விழுந்துவிட்டால், ஃபாயிலின் மாஸ்ட்டை (சிறகைப் பலகையோடு இணைக்கும் தண்டு) தண்ணீரில் செங்குத்தாக இறக்கிப் பலகையோடு பிடித்துக்கொண்டால் நல்ல தடுப்பு கிடைக்கும். தொய்ந்த கயிறு ஃபாயிலில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது மாட்டிய நிலையில் கைட் எழுந்தால் பெரிய ஆபத்து.

வெள்ளலை

@உயரம், காற்றூதிய குழாய் இல்லாத, துணி அறைகளாலான ஃபாயில் கைட்டுக்கே மாறிவிடலாமே? பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பந்தயக்காரர்கள் எல்லாரும் அதைத்தானே பறக்கவிட்டார்கள்.

உயரம்

எடை குறைவு என்பதால் மிக லேசான காற்றிலும் அது பறக்கும், ரிவர்ஸ் லாஞ்சும் அழகாக வரும். ஆனால் தண்ணீரில் அதிக நேரம் கிடந்தால் அறைகளுக்குள் தண்ணீர் புகும், பிரைடில் கயிறுகளும் (கைட்டோடு இணைந்த சிறு கயிறுகள்) சிக்கும். அப்புறம் அதை எழுப்பவே முடியாது, மூட்டையாகக் கட்டி நீந்த வேண்டியதுதான். குழாய் கைட் எவ்வளவு நேரம் கிடந்தாலும் மிதக்கும், உங்களையும் தாங்கும். அலைவாசி போன்று கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நான் ஃபாயில் கைட்டைச் சொல்ல மாட்டேன். லேசான காற்றுக்கென்று இரண்டாவது கைட் வாங்கும் எண்ணம் இருந்தால், ஒற்றை ஸ்ட்ரட் கைட் நல்லது. எடை குறைவு, நுனி சீக்கிரம் தூக்கும்.

சுக்கான்

சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுப்பும் முயற்சியை எப்போது நிறுத்துவது?

கரையிலிருந்து காற்று கடலுக்குள் அடிக்கிற நாளில் லேசான காற்றில் இறங்கவே கூடாது. மற்ற நாட்களில், தண்ணீரில் வெள்ளை நுரைத்தலைகள் எங்கேயும் தென்படாமல் போனால் காற்று 8, 10 நாட்ஸுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கைட் மேலே இருந்தால் கரைக்குத் திரும்புங்கள். கீழே விழுந்திருந்தால், ரிவர்ஸ் லாஞ்ச் ஒரு முறை, ஓரமாக ஒரு முறை, அடுத்து வரும் நல்ல காற்றில் இன்னொரு முறை. அதற்கும் எழவில்லையா, கையில் தெம்பு இருக்கும்போதே செல்ஃப் ரெஸ்க்யூவை, அதாவது நீங்களே கரைசேரும் முறையை, தொடங்குங்கள். பலர் மணிக்கணக்கில் இழுத்துக் களைத்து, இருட்டும் நேரத்தில்தான் கயிறு சுற்றத் தொடங்குகிறார்கள். கயிறு சுற்றவும் நீந்தவும் தெம்பு வேண்டுமே.

முறை இதுதான். சிக்கன் லூப்பின் (பாரை இடுப்புப் பட்டையோடு மாட்டும் வளையம்) சேஃப்டியைத் தள்ளிவிட்டு, கைட் ஒற்றைக் கயிற்றில் தொங்கும்படி ஆக்குங்கள். ரிலீஸ் அமைப்புக்கு ஐஎஸ்ஓ 21853 என்ற தரம் 2020-இல் வந்திருக்கிறது, உங்களுடையது அதற்கு முந்தையதாக இருந்தால் கரையிலேயே சில முறை தள்ளிப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சேஃப்டி கயிற்றை மட்டும் முதலில் சில மீட்டர் பாரில் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மற்ற கயிறுகளைச் சுற்றும்போது கைட் திரும்பப் பவர் பிடிக்காது. பின்பு எல்லாக் கயிறுகளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே கைட்டை அடையுங்கள். முடிவில் பாரில் முடிச்சுப் போட்டு மூடுங்கள். கைட்டில் காற்றை விடாதீர்கள், அதுதான் உங்கள் படகு. இரு நுனிகளையும் வளைத்துப் பிடித்தால் லேசான காற்றிலும் அது பாய்போலக் கரைப்பக்கம் கொண்டுபோகும். உதவி வேண்டுமென்றால் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள், எல்லா நாட்டிலும் புரிகிற ஆபத்துச் சைகை அது.

தென்றல்தேடி

@சுக்கான், மூன்று முறைதானா? எனக்குப் பல தடவை ஐந்தாவது, ஆறாவது முறையில் எழுந்திருக்கிறது.

சுக்கான்

கரை பக்கத்தில், காற்று கரையை நோக்கி, துணைக்கு ஆட்கள் இருந்தால் பத்து முறைகூட முயலுங்கள், நல்ல பயிற்சி அது. நான் சொன்னது கரை தூரத்தில் இருக்கும்போது.

அலைவாசி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கயிற்றை அளந்துவிட்டேன். பாய்மரம் அக்கா சொன்னது அப்படியே. முன்கயிறுகள் இரண்டும் பின்கயிறுகளைவிட நான்கு விரல் அகலம் கூடுதலாக நீண்டிருக்கின்றன. முடிச்சை மாற்றி மாட்டியிருக்கிறேன், இனி தண்ணீரில்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கைட் விழும்போது ஒரு கயிறு நுனியைச் சுற்றிக்கொண்டால், அப்போதும் இதே முறையில் இழுக்கலாமா?

சுக்கான்

கூடாது தம்பி. நுனியில் கயிறு சுற்றியிருக்கும்போது இழுத்தால் கைட் எழும், ஆனால் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் உங்களை இழுத்துச் செல்லும். விழுந்ததும் முதல் வேலையாக நான்கு கயிறும் நான்கு இடத்துக்குச் சுத்தமாகப் போகிறதா என்று பாருங்கள். நுனி ஒன்று உள்பக்கம் மடங்கித் தெரிந்தாலோ, ஒரு கயிறு லீடிங் எட்ஜைக் குறுக்கே வெட்டிப் போனாலோ, பாரை விடுங்கள், கைட்டை நோக்கிக் கொஞ்சம் நீந்திக் கயிற்றைத் தளர்த்துங்கள். லேசான காற்றில் சில நேரம் அது தானாகவே நழுவிவிடும். நழுவவில்லை என்றால் நேராகச் சேஃப்டி, அப்புறம் கயிறு சுற்றல். ஹார்னஸில் (இடுப்புப் பட்டை) கயிறு வெட்டும் கொக்கிக் கத்தி இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த தடவை இறங்கும் முன் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், இரு கையாலும் எட்டுகிற இடத்தில்.